அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

எங்கள் வீட்டில் இந்த வருடம் கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் கிண்டியது ஒரு இயந்திரம். இதை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மதினி (மனைவியின் அக்காவை இந்தப் பக்கத்து வழக்கப்படி அப்படித்தான் கூப்பிடுகிறேன்) விஷயம் தெரிந்து இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. வாசகர்களும் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். ஆனாலும் இதில் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன். மனைவி ராஜபாளையம். மாமியார் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. ஆனால் மாமியார் கடைசிவரை தன்னை வில்லிபுத்தூர்க்காரி என்றுதான் சொல்லிக்கொண்டார். அதற்கு அத்தாட்சி மாதிரி மார்கழி 27ஆம் தேதி அவர் கையால் அக்காரவடிசல் ஆகவேண்டும். அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் தருவதாக ஆண்டாள் வேண்டிக்கொண்டதும், பிற்காலத்தில் ராமானுஜர் அந்த நேர்த்தியை நிறைவேற்றி வைத்ததும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாமியாருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு என் மனைவிக்கு வந்தது. வெண்கலப் பானையும் கூடவே வந்தது.

விறகடுப்பு போய் காஸ் அடுப்பு வந்தது. மற்றபடி முறை மாறவில்லை. பால் சுண்டச் சுண்ட, அரிசி அதில் குழையக் குழைய, ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே நிற்கவேண்டும். நடுவில் காலிங் பெல் அடித்தால்கூட நகரக்கூடாது, அடிப்பிடித்துவிடும். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த அக்காரவடிசலைச் சாப்பிட்டிருக்கிறேன். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று நின்று பார்த்தது ஒருநாள்கூட இல்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் கரண்டி பிடித்து ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் கிண்ட முடியவில்லை. "இந்த வருஷம் ஆண்டாளுக்குக் கல்கண்டு வச்சுக் கும்பிட்டுக்குவோம்" என்று ஐப்பசியிலேயே சொல்லிவிட்டாள். சாதாரணமாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு வெண்கலப் பானையை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, மறுபடியும் பரண்மேல் வைக்கச் சொன்னாள். எனக்கு மனசு சரியில்லை.

கார்த்திகைக்கு வந்த மகன்தான் அந்தக் கருவியைக் கொண்டுவந்தான். மருமகளுக்கு அவர்கள் ஊரில் யாரோ கொடுத்ததாம். அவளுக்கு அதில் ஈடுபாடில்லை. எல்லாம் ஒன்றில் அடங்கிய சமையல் கருவி. இரண்டு லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் ஜாடி. அடியில் சூடாக்கும் தட்டு. உள்ளே மிக்ஸி போல் பிளேடு; அது ஒரு பக்கம் சுற்றினால் அரைக்கும், எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றினால் மழுங்கிய முனையால் கிண்டிவிடும். ஜாடிக்குக் கீழேயே தராசு. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எந்த வேகம் என்று சொல்லிவிட்டால் போதும். மேலே தட்டு வைத்தால் இட்லியும் அவிக்கலாம். நிறைய செய்முறைகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு திரையும் உண்டு.

இந்த வகைக் கருவி புதிது என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் ஃபோர்வெர்க் கம்பெனி தெர்மோமிக்ஸ் என்று இன்று விற்பதன் முதல் மாடல் 1971லேயே வந்துவிட்டது. அந்த யோசனை அவர்களுடைய பிரான்ஸ் கிளையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். காய்கறியை வேகவைத்து அரைத்துக் கெட்டியான சூப் வைப்பது பிரெஞ்சு வீடுகளின் தினசரி வேலை. வேகவைப்பதையும் அரைப்பதையும் ஒரே பாத்திரத்தில் ஏன் செய்யக்கூடாது என்பதுதான் யோசனை. அதற்கும் முன்னால், 1679ல், தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆவியை அடைத்துச் சமைக்கும் பாத்திரத்தை லண்டனில் காட்டினார். நம் பிரஷர் குக்கருக்கு அதுதான் பாட்டன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பௌதிகப் பாடத்தில் பாப்பேன் கட்டாயம் வருவார்.

நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் 1910ல் இக்மிக் குக்கர் செய்தார். கீழே கரி நெருப்பு, மேலே அடுக்குப் பாத்திரங்களில் சோறு, பருப்பு, காய். ஏற்றி வைத்துவிட்டு வெளியே போய்வரலாம். நம் பக்கத்தில் அதே மாதிரி ருக்மணி குக்கர் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணமாகாத என் சித்தப்பா ஒருவர் வேலை மாற்றலாகிப் போகும் ஊருக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போவார். இன்று பலர் வீட்டில் இருக்கும் தெர்மல் குக்கரும் இந்தக் குடும்பம்தான். ஒரு கொதி வந்த பானையை உள்ளே இறக்கி மூடிவிட்டால் மிச்சச் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். அடுப்பின் பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறைக்க மனிதன் ரொம்ப நாளாகவே பாடுபட்டிருக்கிறான்.

சரி, அக்காரவடிசலுக்கு வருகிறேன்.

மார்கழி பிறந்ததும் ஒத்திகை பார்த்தோம். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள், நான் செய்தேன். அரிசி, பாசிப்பருப்பு, பால் எல்லாம் போட்டாயிற்று. கருவி தொண்ணூற்றைந்து டிகிரியில் சமர்த்தாகக் கிண்டிக்கொண்டிருந்தது. "வெல்லம் எப்போ?" என்றேன். "அரிசி குழைஞ்சதும் போடுங்க" என்றாள். குழைந்தது. மூடியின் துவாரம் வழியாகத் தட்டிய வெல்லத்தை அப்படியே போட்டேன். ஐந்து நிமிடத்தில் பால் திரிந்து, மஞ்சள் தண்ணீர் தனியாக, கட்டி தனியாக நின்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அடுப்ப அணைக்காமலா போட்டீங்க?"

"நீ அணைக்கச் சொல்லலையே."

"அத வேற சொல்லணுமா? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? அவளுக்கும் அவள் அக்காவுக்கும் அவர்கள் அம்மாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. என் மகனுக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியாது, இயந்திரத்துக்கும் தெரியாது. வெல்லத்தில் கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு. கொதிக்கிற பாலில் அது விழுந்தால் பால் திரியும். அதனால் அடுப்பை அணைத்து, பாலின் சூடு சற்று அடங்கிய பிறகு, தனியாகக் கரைத்து வடிகட்டி ஆறவைத்த பாகைத்தான் விடவேண்டும். அக்காரவடிசலுக்கு உயிர்நாடியான விதி இதுதான். நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன். பழைய கோப்புகளில் "வழக்கம்போல் நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த வழக்கம் என்னவென்று தலைமை எழுத்தருக்கு மட்டும் தெரியும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் கோப்பு அப்படியே நின்றுவிடும். அன்றைக்குத் திரிந்த பாலைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கோப்புகள்தான் ஞாபகம் வந்தன. என் மனைவியின் சமையல் முழுவதும் "வழக்கம்போல்" என்ற ஒரே வார்த்தையில் இருக்கிறது. அவளும் எழுபதைத் தொட்டுவிட்டாள். விழுந்தது மணிக்கட்டோடு போயிற்று.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். இரண்டு வாரம் நான் கேட்க, அவள் சொல்ல, எழுதினேன். கருவியின் தராசு இதற்குப் பெரிய உதவி. "ஒரு பிடி" என்றால் எவ்வளவு? அவள் கையாலேயே அரிசியை எடுத்துத் தராசில் போடச் சொன்னேன். மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் 40 கிராமுக்கும் 44 கிராமுக்கும் நடுவில் நின்றது. கண்ணளவு, கையளவு என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். அரசாங்க முத்திரை குத்திய படிக்கல்கூட இவ்வளவு சுத்தமாக இருக்குமா தெரியாது. மாமியாரின் பித்தளை ஆழாக்கில் பச்சரிசி 140 கிராம் பிடித்தது.

கடைசியில் நோட்டில் ஏறியது இது. அரை ஆழாக்குப் பச்சரிசி, அதாவது 70 கிராம். பாசிப்பருப்பு 15 கிராம். தண்ணீர் கலக்காத பால் ஒரு லிட்டர். உருண்டை வெல்லம் 175 கிராம். நெய் 75 கிராம். அரிசியையும் பருப்பையும் ஒரு ஸ்பூன் நெய்யில் வாசனை வரும்வரை வறுக்கவேண்டும், சிவக்கக்கூடாது. முக்கால் லிட்டர் பாலை முதலில் விட்டு, தொண்ணூறு டிகிரியில் மெதுவாகக் கிண்டும் வேகத்தில் நாற்பது நிமிடம். மிச்சப் பாலை அதன்பிறகு விட்டு இன்னும் இருபது நிமிடம். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் நெறுநெறுப்பே இருக்கக்கூடாது. இதில் அவசரப்பட்டால் போயிற்று. ஏனென்றால் இனிப்பு சேர்ந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேகாது. இதுவும் அந்த "எல்லாருக்கும் தெரிந்த" பட்டியலில் இருந்த சங்கதிதான். பிறகு அணைக்கவும். வெல்லப் பாகை வடிகட்டவும், மண் இருக்கும். ஆறவைத்து விடவும். நெய், ஏலக்காய், குங்குமப்பூ. பச்சைக் கற்பூரம் கடுகளவு. அதற்குமேல் போனால் கசக்கும்.

கூடாரவல்லி அன்று காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பித்து ஏழுக்குள் இறக்கிவிட்டோம். அந்த ஒரு மணி நேரமும் மனைவி பூஜை அறையில் உட்கார்ந்து திருப்பாவை முப்பதையும் சொல்லி முடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு நாளில் அவள் பாதியில் எழுந்து அடுப்படிக்கு ஓடாமல் பாசுரம் சொன்னது இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். வெண்கலப் பானையைப் பரணிலிருந்து இறக்கி, அதில் ஊற்றித்தான் நைவேத்தியம் செய்தோம்.

பகலில் மதினி வந்தார். ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, "அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குடி" என்றார். மனைவி பொய் சொல்லத் தெரியாதவள், கருவியைக் காட்டிவிட்டாள்.

மதினியின் முகம் மாறிப்போனது. "தம்பி, மிஷின்ல கிண்டினதையா ஆண்டாளுக்குப் படைச்சீங்க?"

"அக்கா, பால் மாடு கறந்தது, நெய் நான் உருக்கினது, அளவு அம்மா சொன்னது. கிண்டினது மட்டுந்தான் மிஷின்" என்றாள் மனைவி.

மதினிக்கு அது எடுபடவில்லை. அதுதான் இரண்டு நாள் மௌனம்.

மதினியின் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நின்று, வேர்த்து, கை நோகச் செய்வதும் ஒரு வழிபாடுதான் என்று அவர் நினைக்கிறார். அந்த நினைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கை நோகிறவர் யார், நோகவேண்டும் என்று சொல்கிறவர் யார்? "கைமணம், கைமணம்" என்று புகழ்ந்தே வீட்டுப் பெண்களை அடுப்படியில் நிறுத்தி வைத்தவர்களில் நானும் ஒருவன். அம்மியில் அரைத்தால்தான் ருசி என்று சொன்ன ஆண்கள் யாரும் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. அறுபதுகளில் மிக்ஸி வந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் மாவாட்டக் கிரைண்டர் கொடுத்தார்கள். 2011ல் அரசாங்கமே மிக்ஸியையும் கிரைண்டரையும் விலையில்லாமல் வீடு வீடாகக் கொடுத்தது. அதனால் எந்த வீட்டிலும் சட்னி செத்துப்போகவில்லை. திருமலையிலேயே சூரிய வெப்பத்தில் நீராவி உண்டாக்கி அன்னதானத்துக்குச் சமைத்திருக்கிறார்கள். பெருமாள் ஆட்சேபிக்கவில்லை.

இதைச் சொல்வதால் நான் இயந்திரத்துக்கு ஏஜெண்டாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அதற்கு முடியாததும் இருக்கிறது. பொங்கல் கழிந்து, தைரியம் வந்து, பால்கோவா போட்டுப் பார்த்தோம். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பொருளை, அது பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு மிஷினில் செய்வது கொழுப்புத்தான். ஒரு லிட்டர் பால், 125 கிராம் சர்க்கரை. ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாசுந்தி மாதிரி இருக்கிறது, கோவா இல்லை.

காரணம் சுலபம். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். அது ஆவியாகி வெளியே போகவேண்டும். நம் வில்லிபுத்தூர் பட்டறைகளில் வாயகன்ற இரும்புச் சட்டி, முந்திரிக்கொட்டைத் தோடு போட்டு எரிக்கும் நிதானம் குறையாத தீ, அகப்பையை ஓயாமல் சுழற்றும் கை. பால் அகலமாகப் பரவிக் கொதிப்பதால் தண்ணீர் வேகமாகப் போகிறது. சட்டியில் ஒட்டுகிற ஏடு சுரண்டப்பட்டு அந்த லேசான பழுப்பும் மணலாம்பும் வருகிறது. குறுகலான ஜாடிக்குள் இது நடக்காது. கடைசியில் உருளியில் கொட்டி, மனைவி பக்கத்தில் நின்று அதட்ட, நான் இருபது நிமிடம் கிண்டினேன். இரண்டு நாள் தோள்பட்டை வலி. இருபது நிமிடத்துக்கே இப்படியென்றால், நாள் முழுவதும் அந்த அனலில் நிற்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் பால்கோவா வாங்கும்போது விலையில் பேரம் பேசுவதில்லை.

ஆக, மூடிச் சமைத்து மெதுவாகக் குழையவேண்டிய பண்டத்துக்கு இயந்திரம் நல்லது. திறந்து வற்றவேண்டிய பண்டத்துக்குச் சட்டிதான். வறுக்கும்போது வாசனை திரும்புவதை அறிய அதற்கு மூக்கும் கிடையாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும், சண்டை வேண்டியதில்லை.

என் கவலை வேறு. அந்தக் கருவியின் திரையில் சாம்பார் என்று ஒரு செய்முறை இருக்கிறது. செய்தும் பார்த்தோம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது யார் வீட்டுச் சாம்பாரும் இல்லை. இரண்டு ஊரில் தெருவுக்குத் தெரு சாம்பார் மாறும். மாமியார் வீட்டுச் சாம்பார் ஒன்று, அதே தெருவில் எதிர்வீட்டுச் சாம்பார் ஒன்று. நாளைக்கு என் பேத்திக்குப் பசித்தால் அவள் "சாம்பார்" என்று தொடுவாள், திரையில் இருப்பது வரும். நம்முடையதை நாம் எழுதி வைக்காவிட்டால் அவளுக்கு அந்த ஒன்றுதான் சாம்பார். கிண்டுகிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதைக் கிண்டுவது என்பதையும் அதனிடமே விட்டுவிட்டால்தான் குடும்பச் சமையல் போய்விடும். அந்தக் குற்றம் அதனுடையதாகவும் இருக்காது, கேட்டு எழுதாமல் விட்ட நம்முடையதாக இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். என் அம்மா சித்திரை வெயிலில் வடவம் போடுவார். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பல நாள் காயவைப்பார். புதுச்சேரியிலிருந்து போன இந்தச் சரக்கைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் "வாதுவான்" என்று பொடியாக்கி இன்று பெரிய ஓட்டல்களில் மீனுக்கும் கறிக்கும் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வீட்டுச் சமையல் குறிப்பு ஒன்றைப் பிரெஞ்சில் எழுதிவரச் சொன்னார்கள். நான் அம்மாவிடம் வடவத்தைக் கேட்டேன். "வெங்காயம் கொஞ்சம், கடுகு கொஞ்சம், கைக்குத் தெரியும்டா" என்றார். நானும் ஒவ்வொன்றுக்கும் "கொஞ்சம்" என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையைப் போட்டு எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாததால் நல்ல மதிப்பெண். அந்த வடவம் தாளித்த அம்மாவின் குழம்பு இன்று உலகத்தில் எங்கும் இல்லை. பாரிஸில் வாதுவான் கிடைக்கிறது, அம்மாவுடையது கிடைக்காது. அம்மா இருந்தபோது, ஒரே ஒரு நாள், தராசோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் ஆபீசுக்குப் போய் அடுத்தவர் கணக்கையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கருவிகளில் வெளிநாட்டு வகை லட்ச ரூபாய்க்கு மேல். எல்லோரும் வாங்குங்கள் என்று சொல்ல நான் யார்? கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். வேண்டியது கருவி இல்லை. சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, நோட்டு முப்பது ரூபாய். மனைவியோ அக்காவோ அம்மாவோ, யார் கையில் உங்கள் வீட்டுப் பக்குவம் இருக்கிறதோ அவர் சமைக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். போடுவதற்கு முன்னால் நிறுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யவேண்டும் என்பதோடு, என்ன செய்யக்கூடாது என்றும் கேளுங்கள். பால் திரிவது அங்கேதான். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று அவர் சொல்கிற இடத்தில் பேனாவை எடுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதியில் எழுதியது என்று மேலே போடுங்கள். ஆண்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்: ஓய்வு பெற்ற பிறகு நமக்கு நேரம் இருக்கிறது. சமையலறையில் ஒரு முக்காலி போட இடமும் இருக்கிறது.

பிரெஞ்சில் சமையல் குறிப்புக்கு "ரெசெத்" என்று பெயர். கணக்குப் புத்தகத்தில் வரவுப் பத்திக்கும் அதே வார்த்தைதான். பெறப்பட்டது என்று அர்த்தம். பள்ளியில் படித்தபோது இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. இப்போது புரிகிறது. வரவு வந்தால் பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போடவேண்டும். அது அலுவலக விதி.

நோட்டில் இதுவரை இருபத்தாறு பண்டங்கள் ஏறியிருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மனைவி இடது கையால் கையெழுத்துப் போடுகிறாள், பெற்றுக்கொண்டேன் என்று நான் போடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதினி போன் செய்தார். கருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தம்பி, அம்மாவோட புளிக்காய்ச்சல எழுதிட்டீங்களா? அவளுக்கு அதுல ஒண்ணு தெரியாது, எனக்குத்தான் தெரியும்" என்றார். நாளைக் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். நோட்டும் தராசும் பையில் எடுத்து வைத்தாயிற்று.